கியோட்டோவில் நான்கு வாசல்கள்

மொன்றியல்,
26 மார்ச் 2025

அன்புள்ள மலர்,

ஒசாகாவிலிருந்து வெள்ளிக்கிழமை மாலை சுகமாக வந்து சேர்ந்தேன். இதை அன்றைக்கே மகள் சாம்பவியிடம் தொலைபேசியில் சொன்னேன். ஆனால் உமக்கென்று தனியாகச் சொல்லவில்லை என்பதால் இங்கே மறுபடியும் எழுதுகிறேன். நம் பார்க் எக்ஸ்டென்ஷன் தெருக்களில் இன்னும் பனி கிடக்கிறது. வெளிப்படிக்கட்டில் கீழ்வீட்டு அன்டன் வழுக்காமல் உப்புப் போட்டு வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய்கள் உறைந்து உடையவில்லை. வீட்டைக் குளிரில் மூன்று மாதம் பூட்டிவைக்க முடியாது, ஒருவர் முன்னதாகத் திரும்பத்தான் வேண்டும் என்று நாம் எடுத்த முடிவு சரியானதுதான் என்று நினைக்கிறேன். அந்த ஒருவர் நானாக இருந்ததும் சரி. பேத்தி பிறந்து மூன்று கிழமை. அவளுக்கு என்னால் என்ன பயன்?

ஏன் கடிதம் என்று நீர் கேட்பீர். திரையில் பேசும்போது எப்போதும் ஐந்து முகங்கள் இருக்கின்றன. மகள், மருமகன், பேத்தி எல்லாருக்கும் முன்னால் அன்றைய விடயத்தைப் பேச எனக்கு முடியவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் நீரும் பேசவில்லை.

ஆகவே கியோட்டோவுக்குப் போன அந்தப் புதன்கிழமையை நடந்த ஒழுங்கில் எழுதிப் பார்க்கிறேன். என் பக்கம் பிழை இருந்தால் எழுதும்போது தெரியவரும். இருபத்திரண்டு வருடம் நூலகத்தில் நூற்பட்டியல் தயாரித்தவனுக்கு வேறு வழி தெரியாது.

ஏழு கோயில்களுக்கு ஓர் அட்டவணை போட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம், நடக்கும் நேரம் தனி. ஒரு பிரதி என்னிடம், ஒரு பிரதி உம் கைப்பையில். கடவுச்சீட்டுகளும் இரண்டு தொலைபேசிகளும் என் பையில். (உம்முடைய தொலைபேசியையும் நான் வாங்கி வைத்தது பிழை. இது முதலாவது.)

காலையில் மலைச்சரிவில் உள்ள மரமேடைக் கோயில். செரி மரங்கள் இன்னும் மொட்டாகத்தான் இருந்தன. நீர் மேடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நகரத்தைப் பார்த்தபடி, "இஞ்சை நிண்டு பாக்க எனக்கு இனி ஒண்டும் வேண்டாம் எண்டு கிடக்கு" என்றீர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான், "ஒன்பது மணியாச்சு, இறங்குவம்" என்றேன்.

அதன் பிறகு கற்படிகள் வைத்த அந்தப் பழைய தெரு. மரச்சட்டங்கள் அடித்த தாழ்ந்த வீடுகள், வாடகைக் கிமோனோ உடுத்திப் படம் எடுக்கும் பெண்பிள்ளைகள், எங்கிருந்தோ எள் வறுக்கும் வாசம். நீர் ஒவ்வொரு கடையிலும் தலையை நீட்டினீர். இரண்டாவதான ஐந்தடுக்குக் கோபுரக் கோயிலுக்குப் பதினொரு நிமிடம் பிந்தினோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது, உள்முற்றம் முழுவதும் பாசி வளர்த்திருந்த அந்தச் சின்னக் கோயில். சப்பாத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மண்டபத்தைச் சுற்றி ஓடும் மரத்தாழ்வாரத்தில் நடக்க வேண்டும். அம்புக்குறி இடப்பக்கச் சுற்றைக் காட்டியது. நீர் நின்றுவிட்டீர்.

"நான் இடமாச் சுத்தமாட்டன். அது செத்தவீட்டுச் சுத்து."

"அம்புக்குறி போட்டிருக்கு மலர். சனமெல்லாம் அதாலைதான் போகுது."

"அப்ப நீங்கள் அம்புக்குப் பின்னாலை போங்கோ. நான் சாமியை வலமாச் சுத்திக்கொண்டு வாறன்."

பின்பக்கத்தில் சந்திப்போம் என்று நான் சொன்னது உமக்குக் கேட்டதா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் பின்பக்கம் வந்து நின்றேன். என் பின்னால் ஒரு பெரிய கூட்டம். காவலர் ஒருவர் தலை குனிந்து கையால் வழி காட்டினார். நிற்கக் கூடாது போலிருக்கிறது என்று நான் தோட்டத்துக்குள் இறங்கினேன். தோட்டம் பின்வாசலில் போய் முடிந்தது. வெளியே வந்தவர்கள் மறுபடி உள்ளே போகக் கூடாது என்று ஒரு பலகையில் படம் வரைந்திருந்தது. கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து ஆறு நிமிடம் நின்றேன். நீர் இல்லை.

அம்புக்குறிக்கு எதிராக நீர் போனதுதான் தொடக்கம் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் மாலையில் பொலிஸ் நிலையத்தில் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

அன்புடன்,
மகேந்திரராசா


ஒசாகா,
7 ஏப்ரல் 2025

வணக்கம்.

வீட்டில் கூப்பிடுவதுபோல் "இஞ்சருங்கோ" என்று கடிதத்தைத் தொடங்க முடியாது. உங்கள் பெயரைச் சொல்லியும் எனக்குப் பழக்கமில்லை. ஆகவே வணக்கத்தோடு நிறுத்துகிறேன்.

கடிதம் சனிக்கிழமை வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்குக் கை வரவில்லை என்ற அந்த வார்த்தையை நானே எழுதுகிறேன், எனக்கு நன்றாகக் கை வருகிறது. "உம்மோடை வந்தா ஒண்டும் நடக்காது. நான் தனிய வந்திருக்கலாம்." இவ்வளவும்தான். அந்த இளம் பொலிஸ்காரன் எங்களைச் சேர்த்துவைத்த சந்தோசத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

இனி என் பக்கத்தைக் கேளுங்கள். பின்பக்கம் சந்திப்போம் என்று நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் முதலில் சாமிக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். பேத்திக்கு, சாம்பவிக்கு, உங்கள் முழங்காலுக்கு. பிறகு மூன்று சுற்று. ஒரு சுற்றோடு விட்டுவிட்டு வர இது என்ன கடையா? எதிரே வந்தவர்கள் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. சுவரோடு ஒதுங்கித் தலை குனிந்தார்கள். நானும் குனிந்தேன். மூன்று சுற்றிலும் ஒரு எழுபது பேருக்காவது குனிந்திருப்பேன். இடுப்பு இன்னும் நோகிறது.

முன்வாசலால் வெளியே வந்தால் உங்களைக் காணவில்லை. தொலைபேசி உங்கள் பையில். எதிரே ஊறுகாய்க் கடை. பெரிய மரப்பீப்பாய்களில் முள்ளங்கியும் கத்தரிக்காயும். கடைக்கார அம்மாவுக்கு என் வயதிருக்கும். நான் போய், "பொன்ஜூர்" என்றேன். இருபது வருடம் மொன்றியல் கார்டெரியில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்ததில், முகம் தெரியாத ஆளைக் கண்டால் என் வாயில் பிரெஞ்சுதான் வருகிறது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டு "பொன்ஜூர்" என்று சொல்லிக் கதிரை தந்து தேத்தண்ணி ஊற்றினா.

வாசல் தெரியத்தக்கதாக அங்கேயே இருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போன இடத்துக்குத் திரும்பி வந்து பார்ப்பார் என்று நினைத்தேன். மூன்று மணி நேரத்துக்கு மேல். உங்கள் அட்டவணை கைப்பையில் இருந்தது உண்மைதான். அதன் பின்பக்கத்தில் நானும் அந்த அம்மாவும் எங்கள் வயது, பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை என்று எழுதி எழுதிக் கதைத்துக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை. உங்களைக் காணவில்லை என்ற பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சொன்னால், எனக்கு அது நல்ல பின்னேரம். கடை பூட்டும் நேரம் அவதான் என் கையைப் பிடித்துப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தா.

எனக்கு நொந்தது பொலிஸ் நிலையத்தில் சொன்னது மட்டுமில்லை. வீட்டுக்கு வந்ததும் சாம்பவி, "எத்தனை கோயில் பாத்தீங்கள்?" என்றாள். நீங்கள் "ஏழு" என்றீர்கள். நான் "மூண்டு" என்றேன். மனுசியைத் துலைத்துவிட்டு மிச்ச நாலையும் பார்த்து முடித்த மனுசனைப் பற்றி நான் ஆரிட்டைச் சொல்ல?

இன்னொன்று. இன்று காலை, உங்களுக்கு ஞாயிறு மாலை, சாம்பவி உங்களிடம், "அப்பா, அம்மா இன்னும் ஆறு மாதம் எங்களோடை நிக்கட்டோ?" என்று கேட்டாள். நீங்கள் மூச்சு விடும் நேரம்கூட எடுக்கவில்லை. "ஓம் ஓம், தாராளமா" என்றீர்கள். தனிய இருக்கும் ஆசை இவ்வளவு கெதியாக நிறைவேறும் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

என் விமான ரிக்கற் மே 31க்கு. மாற்றுவதென்றால் மே 20க்குள் மாற்ற வேண்டும். சாம்பவிக்கு நான் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

செல்வமலர்


மொன்றியல்,
17 ஏப்ரல் 2025

அன்புள்ள மலர்,

உம் கடிதம் நேற்று வந்தது. முந்திய கடிதத்தில் நான் அந்த நாளைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். மீதியை எழுதினால் நீர் என்னைப் பற்றி என்ன நினைப்பீரோ என்ற தயக்கம்தான். இப்போது எழுதாவிட்டால் இதைவிட மோசமாக நினைப்பீர் என்று தெரிகிறது.

ஆறு நிமிடம் முன்வாசலில் நின்றும் நீர் வராதபோது நான் இப்படிக் கணக்குப் போட்டேன். மலரிடம் அட்டவணை இருக்கிறது. தொலைபேசி இல்லாதவர் அட்டவணைப்படிதான் நடப்பார். ஒன்றரை மணிக்கு நான்காவது கோயில். ஆகவே அங்கே போனால் மலர் நிற்பார். நான் அப்படி நடப்பேன் என்பதால் நீரும் அப்படி நடப்பீர் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வருடம் உம்மோடு வாழ்ந்தவன் போடுகிற கணக்கா இது?

நான்காவது கோயில் வாசலில் நாற்பது நிமிடம் நின்றேன். உள்ளே போகவில்லை. உள்ளே போகும் நேரத்தில் நீர் வந்து என்னைக் காணாமல் போனால் என்ன செய்வது? பிறகு ஐந்தாவது. அங்கும் வாசலில் நாற்பது நிமிடம். ஆறாவது வாசலில் மழை தூறியது. நுழைவுச்சீட்டு விற்கும் பெண் என்னைக் கூரைக்குக் கீழே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். அங்கே வந்தால் தெருவின் வளைவு தெரியாது என்று நான் அசையவில்லை. ஏழாவதில் கடைசியாக வெளியே வந்த மனிதரின் பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

நான் அந்த நாலு கோயில்களையும் பார்க்கவில்லை, மலர். வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். ஒரு கோயிலின் கூரை எப்படி இருந்தது என்று கேட்டால்கூடச் சொல்லத் தெரியாது.

பிறகு ஏன் "ஏழு" என்றேன்? டனிஸ்ரன் பக்கத்தில் நின்றார். மாமனார் நாலு வாசலில் மாமியைத் தேடி நின்றார் என்று மருமகனுக்கு முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு படிவம் தந்தார்கள். உம் பிறந்த திகதியை எழுதினேன். கடவுச்சீட்டு இலக்கத்தை மனப்பாடமாக எழுதினேன். அதற்குப் பிறகு அந்த இளைஞன் தன் சட்டையைத் தொட்டுக் காட்டி, உம்முடைய மேற்சட்டை என்ன நிறம் என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. காலை ஆறு மணியிலிருந்து பக்கத்தில் நடந்துவந்தவரின் கோட் என்ன நிறம் என்று தெரியவில்லை. படிவத்தின் அந்தக் கட்டத்தில் கை வைத்தபடி பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான் நீர் அந்த ஊறுகாய்க்கார அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தீர். பச்சை. எனக்கு என்மேல் வந்த கோபத்தை உம்மேல் கொட்டிவிட்டேன்.

சாம்பவிக்கு நான் சொன்ன "ஓம்" பற்றி. யாராவது என்னிடம் எதையாவது கேட்டால் முதலில் ஓம் என்று சொல்லிவிட்டுப் பிறகு யோசிப்பது என் குணம் என்று உமக்குத் தெரியும். வேண்டாம் என்றால், பச்சைப்பிள்ளைக்காரியிடமிருந்து தாயைப் பறிக்கிறவன் ஆகிவிடுவேன் என்று பயந்தேன். செவ்வாய்க்கிழமை இதைச் சரிசெய்யத் தொலைபேசி எடுத்தேன். டனிஸ்ரன் பேசினார். ஒசாகாவில் வெயிலா மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

நீர் மே 31இல் வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் அங்கே நிற்பதுதான் உமக்குச் சந்தோசம் என்றால் நான் குறுக்கே நிற்கக் கூடாது. உம் வசதிப்படி செய்யும்.

அன்புடன்,
மகேந்திரராசா


ஒசாகா,
2 மே 2025

வணக்கம்.

உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுக் காலை பிள்ளை பால் குடித்து நித்திரையான பிறகு, தொலைபேசியையும் எடுத்துக்கொண்டு தனிய ரயில் ஏறிக் கியோட்டோவுக்குப் போனேன். செரிப்பூவெல்லாம் கொட்டி முடிந்து மரங்கள் ஒரே பச்சை. உங்கள் நான்காவது கோயில் வாசலில் போய் நின்றேன். நாற்பது நிமிடம். கால் கடுத்துப்போயிற்று. இருபத்தைந்தாவது நிமிடத்தில், "இந்த மனுசன் உண்மையிலேயே விசர்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள்.

பிறகு உள்ளே போனேன். நீங்கள் பார்க்காததால் சொல்கிறேன். ஒரு நீளமான வெறும் அறை, பாய் விரித்தது. அதற்கு முன்னால் ஒரு குளம், ஒரு சாய்ந்த பைன் மரம். நாலைந்து பேர் பேசாமல் இருந்தார்கள். நானும் இருந்தேன். ஒருவரும் எழுந்து போகச் சொல்லவில்லை. மிச்ச மூன்றுக்கும் போகவில்லை. தனியப் பார்த்தால் அந்த மூன்றிலும் எனக்கு என்ன இருக்கிறது?

கூரை எப்படி என்று சொல்லத் தெரியாது என்றீர்கள். மரப்பட்டையால் வேய்ந்தது. தடிப்பாக, பாசி பிடித்து இருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிப் பந்திக்கு வருகிறேன். முதல் வரியில் வர வேண்டும் என்கிறீர்கள். அடுத்த வரியில் அதைத் திருப்பி எடுத்து விடுகிறீர்கள். இப்படி ஆர் கேட்பது? கடையில் கத்தரிக்காய் வாங்கினாலும், "உங்கடை வசதிப்படி தாங்கோ" என்றுதான் கேட்பீர்களா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். சாம்பவியிடம் நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னால் பேத்தியை விட்டுப் புருசனிட்டை ஓடுகிற கிழவி என்று ஆகிவிடும். அவளுக்கு "ஓம்" சொன்னவர் நீங்கள். "இல்லை" என்றும் நீங்களே சொல்லுங்கள். எனக்கு எழுத வேண்டாம். அவளிடம், எல்லாரும் இருக்கும்போது, வாயைத் திறந்து சொல்லுங்கள். மே 20 வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பேன். சொல்லாவிட்டால் ரிக்கற்றை மாற்றிவிடுவேன். இது வெருட்டு இல்லை.

செல்வமலர்


மொன்றியல்,
10 மே 2025

அன்புள்ள மலர்,

உம் கடிதம் எட்டே நாளில் வந்துவிட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளை சொல்லுவேன். நாளைக்குச் சொல்லாமல் விட்டால், சொல்ல நினைத்தேன் என்பதற்கு இந்தக் கடிதம் அத்தாட்சி. இப்படி எழுதுவதே ஒரு கோழைத்தனம் என்று தெரிகிறது, ஆனாலும் அக்காடி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தபால்பெட்டியில் போட்டுவிடப் போகிறேன்.

என்ன சொல்வதென்று மூன்று விதமாக எழுதி, அன்டனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, மூண்டிலையும் 'தயவுசெய்து' நாலு தரம் கிடக்கு. இது என்ன, பென்சன் ஒஃபிசுக்கு எழுதுற கடிதமோ? உங்கடை மனுசிதானே, கேளுங்கோவன்" என்றார். தாளைத் திருப்பித் தரவும் இல்லை.

நாளை தாள் இல்லாமல்தான் பேச வேண்டும்.

மகேந்திரராசா


ஒசாகா,
12 மே 2025

வணக்கம்.

இன்று காலை நடந்ததை நீங்கள் திரையில் பாதிதான் பார்த்திருப்பீர்கள். மற்றப் பாதி குசினியில் இருந்தது. அதை நான் சொல்கிறேன்.

நான் வேண்டுமென்றே குசினிக்குள் போய்ப் பருப்பு அவித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் முதலில் வெயிலா மழையா என்று கேட்டீர்கள். பிறகு பேத்தியின் நிறை. அதற்குப் பிறகு, எங்கள் சோறு சமைக்கும் மிஷின் நல்லாய் வேலை செய்கிறதா என்று கேட்டீர்கள். அந்த இடத்தில் நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டேன். சரி, அவ்வளவுதான், ரிக்கற்றை மாற்ற வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

சாம்பவி, "என்னப்பா, எதையோ விழுங்கினமாதிரி முழிக்கிறீங்கள்?" என்றாள்.

அப்போதுதான் நீங்கள் கத்தினீர்கள். நீங்கள் சாதாரணமாய்ப் பேசியதாக நினைத்திருப்பீர்கள். இல்லை, கத்தினீர்கள். "பிள்ளை, அண்டைக்கு ஓம் எண்டது பிழை. கொம்மாவை என்னட்டை அனுப்பிவிடுங்கோ. எனக்கு அவ வேணும்."

பேத்தி திடுக்கிட்டு எழும்பி வீரிட்டது. டனிஸ்ரன் வேலைக்குப் போக ஒரு காலில் சப்பாத்தைப் போட்டபடி அப்படியே நின்றான். பிறகு சிரித்துக்கொண்டு, "சாம்பவி, மாமா பொம்பிளை கேக்கிறார் போல கிடக்கு" என்றான்.

அவளும் விடவில்லை. "மாப்பிளை என்ன செய்யிறார்?"

"ரிட்டயராகிட்டன்."

"குடிவகை, சிகரெட்?"

"இல்லைப் பிள்ளை. உனக்குத் தெரியும்தானே."

அவள் பகிடிக்குக் கேட்கிறாள் என்றுகூட உங்களுக்கு விளங்கவில்லை. நான் குசினிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பிறகு சிரிப்பு வேறு மாதிரிப் போய்விட்டது, சீலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

நீங்கள் வைத்த பிறகு சாம்பவி சொன்னாள். அவளுக்கு ஆறு மாதம் நான் தேவையில்லையாம். கியோட்டோவிலிருந்து வந்த நாள் தொடக்கம் நாங்கள் கதையாமல் இருந்ததைப் பார்த்து, அம்மாவுக்குத் திரும்பிப் போக விருப்பமில்லையோ என்று பயந்து, இங்கே தங்க எனக்கு ஒரு சாட்டாக இருக்கட்டும் என்றுதான் கேட்டாளாம். அவள் எனக்காகக் கேட்டிருக்கிறாள். நீங்கள் அவளுக்காக ஓம் என்றிருக்கிறீர்கள். நான் உங்களுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறேன். நல்ல குடும்பம்.

நாற்பத்திரண்டு வருடத்துக்கு முதல் என்னைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது உங்கள் சித்தப்பாவும் இரண்டு ஆட்களும். சித்தப்பா வடை நல்லாயிருக்கு என்றார். பிறகு என்னைக் கேட்டார். நீங்கள் வரவில்லை. உங்களுக்கு வெட்கம் என்று சொன்னார்கள். கலியாணத்துக்குப் பிறகும் நீங்கள் என்னிடம் எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. தேத்தண்ணிகூட. நான் தருவேன், நீங்கள் குடிப்பீர்கள். அதனால்தான் எழுபத்துநாலு வயதில் நீங்கள் போட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது.

சாம்பவி வைப்பதற்கு முதல் உங்களுக்குக் கடைசியாகச் சொன்னது, "சரி, பொம்பிளையைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறம்." அவள் இன்னும் என்னிடம் வந்து கேட்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வந்து கேட்டு, அதை உங்களுக்குச் சொல்லும் வரைக்கும் நான் ஏன் காத்திருக்க வேண்டும்? நேரே உங்களுக்கே எழுதுகிறேன்.

எனக்குச் சம்மதம்.

செல்வமலர்